ரஷ்யாவில் சொனாட்டா பிழைத்தது ஏன்?

பியானோவுக்கென எழுதப்படும் சொனாட்டா தன் காலத்தை முடித்துக்கொண்டுவிட்டதா என்ற கேள்விக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. பேத்தோவன் 32 சொனாட்டாக்களை விட்டுச்சென்று 1827இல் மறைந்தார். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குள், 1839இல், ஜெர்மானிய இசையமைப்பாளரும் விமர்சகருமான ராபர்ட் ஷூமான், இந்த வடிவம் தன் ஆயுளை ஏறக்குறைய முடித்துவிட்டது என்ற கருத்தை எழுத்தில் வைத்தார். மேற்கு ஐரோப்பாவைப் பொறுத்தவரை அந்தக் கணிப்பு பெரிதும் பொய்க்கவில்லை. பிராம்ஸ் தம் இருபது வயதையொட்டி மூன்று பியானோ சொனாட்டாக்களை எழுதிவிட்டு, 1897இல் மறையும்வரை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. டெபுஸ்ஸி பியானோவுக்குத் தனியாக ஒரு சொனாட்டாகூட எழுதவில்லை. ஆல்பன் பெர்க் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். இதே காலத்திலும் இதற்குப் பின்னும் ரஷ்யாவில் ஸ்கிரியாபின் 10, மெட்னர் 14, ஃபைன்பெர்க் 12, மியாஸ்கோவ்ஸ்கி 9, புரோகோஃபியெவ் 9 என்று சொனாட்டாக்கள் குவிந்தன. மற்ற இடங்களில் மெலிந்துபோன வடிவம் இங்கே செழித்தது எப்படி என்பதற்குத் தரப்பட்டுள்ள விடைகளைத் தொகுத்து, அவற்றின் வேர்களையும் தளர்ந்த இடங்களையும் காண்பது இக்கட்டுரையின் நோக்கம். இவ்விடைகளில் இரண்டு, தென்னிந்திய மண்ணோடும் தொடர்புடையவை.

வடிவமும் அதன் நெருக்கடியும்

சொனாட்டா என்பது பொதுவாக மூன்று அல்லது நான்கு அங்கங்களைக் கொண்ட, பாட்டு இல்லாத, கருவிக்கென்றே எழுதப்பட்ட நீண்ட படைப்பு. அதன் முதல் அங்கத்தில் வழக்கமாக இரண்டு கருப்பொருள் மெட்டுகள் முன்வைக்கப்படும். முதல் மெட்டு ஓர் ஆதார சுரத்தை மையமாகக் கொண்டு ஒலிக்க, இரண்டாவது வேறொரு சுரத்தை மையமாக்கிக்கொண்டு எழும். நடுப்பகுதியில் இவ்விரண்டும் உடைந்து, கலந்து, பல மையங்களுக்கிடையே அலைந்தபின், இறுதியில் இரண்டும் முதல் மெட்டின் மையத்துக்கே வந்து சேரும். கர்நாடக இசையில் கச்சேரி முழுவதும் ஆதார சுருதி அசைவதில்லை. பாடகர் கிரக பேதம் செய்து வேறொரு சுரத்தை ஆதாரமாக்கிக் காட்டும்போதும் அது சில நிமிட வித்தையாக நின்று விலகிவிடுகிறது. சொனாட்டாவிலோ அந்த இடப்பெயர்ச்சிதான் கட்டடத்தையே தாங்கும் தூண்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னர் முதலானோர் சுர மையங்களை அடிக்கடி மாற்றியும் மங்கலாக்கியும் எழுதத் தொடங்கியபோது அந்தத் தூண் ஆட்டம் கண்டது. மையமே தெளிவாக இல்லாத இசையில் மையத்தை விட்டுப் போவதற்கும் திரும்பி வருவதற்கும் பொருள் என்ன என்பதே இருபதாம் நூற்றாண்டுச் சொனாட்டாவின் அடிப்படைச் சிக்கல்.

அடையாறு வழி வந்த விடை

மிகப் பரவலாக அறியப்பட்ட விடை, ஆன்மிகத்தை முன்னிறுத்துவது. அலெக்சாண்டர் ஸ்கிரியாபின் (1872–1915) சொனாட்டாவை ஒரு சடங்காக மாற்றினார் என்றும், அதனால்தான் அது புதிய உயிர் பெற்றது என்றும் இத்தரப்பினர் கருதுகின்றனர். இவ்விடையின் வேர் பிரம்மஞான சபையில் இருக்கிறது. இன்றைய உக்ரைன் பகுதியில் பிறந்த பிளவாட்ஸ்கி அம்மையார் மற்றவர்களோடு சேர்ந்து 1875இல் நியூயார்க்கில் தொடங்கிய அச்சபை, 1882இல் சென்னை அடையாற்றைத் தலைமையிடமாக்கிக்கொண்டது. ஸ்கிரியாபின் 1905ஆம் ஆண்டையொட்டி பிளவாட்ஸ்கியின் நூலைப் பிரெஞ்சு மொழியில் படித்தார்; அதன்பின் அவருடைய பேச்சிலும் குறிப்புகளிலும் பிரபஞ்ச லயம், ஒளி, பரவசம் ஆகியவை நிறைந்தன. இமயமலை அடிவாரத்தில் ஒரு கோயில் எழுப்பி, ஏழு நாள் நீளும் ‘மிஸ்டீரியம்’ என்னும் நிகழ்வை அங்கே நடத்தி, அதன் முடிவில் மனிதகுலமே வேறு நிலைக்கு உயர வேண்டும் என்று அவர் கனவு கண்டார். உதட்டில் ஏற்பட்ட புண் இரத்தத்தில் நஞ்சாகி 43 வயதில் இறந்ததால், இந்தியாவுக்கு அவர் வரவே இல்லை.

1907இல் எழுதிய ஐந்தாம் சொனாட்டாவிலிருந்து அவர் எல்லாவற்றையும் ஒரே அங்கமாகச் சுருக்கினார். 1911 முதல் 1913 வரை எழுதிய ஆறாம் சொனாட்டா தொடங்கிப் பத்தாவது வரையிலானவற்றில், எந்தச் சுரம் ஆதாரம் என்பதைத் தாளின் தொடக்கத்தில் காட்டும் குறியையே கைவிட்டார். ஆறு சுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய, ‘மறைஞானக் கார்ட்’ என்று பிறர் பெயரிட்ட ஒலிக்கொத்து, மையத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஏழாவதற்கு ‘வெள்ளைப் பூசை’ என்ற பெயரை அவரே வைத்தார். ஒன்பதாவதன் ‘கறுப்புப் பூசை’ என்ற பெயர் நண்பர் ஒருவர் கொடுத்தது. ஆறாவதை அவர் பொதுமேடையில் ஒருபோதும் வாசிக்கவில்லை.

அடையாற்றுக் கருத்துகள் மாஸ்கோவரை சென்று இசையாக மாறின என்ற எண்ணம் தமிழ் வாசகருக்கு உவப்பானது. அந்த உவப்பே எச்சரிக்கையையும் கோருகிறது. முதல் நான்கு சொனாட்டாக்களும் 1892க்கும் 1903க்கும் இடையில், அதாவது பிளவாட்ஸ்கியை அவர் படிப்பதற்கு முன்பே, எழுதப்பட்டுவிட்டன. ஆகவே அவரைச் சொனாட்டாவிடம் கொண்டுவந்தது பிரம்மஞானம் என்று சொல்ல இடமில்லை. அடுத்து, பிற்காலச் சொனாட்டாக்களைத் தாளில் வைத்துப் பார்ப்பவருக்கு இரண்டு மெட்டுகள், வளர்ச்சி, மீள்வருகை என்ற பழைய வரிசை ஏறக்குறைய மாணவனுக்குரிய ஒழுங்கோடு காக்கப்பட்டிருப்பது தெரியும். சோவியத் ஆய்வாளர் வர்வாரா டெர்னோவா, 1968இல் வெளியான நூலில், ஸ்கிரியாபினின் ஒலிக்கொத்துகள் சரியாக மூன்று முழுச்சுர இடைவெளியில் இணையிணையாக இயங்கும் ஒழுங்கை விளக்கினார். பரவசம் என்று கேட்கப்படுவதற்கு அடியில் கணக்கு இருக்கிறது. ஆன்மிக விளக்கம் அந்த இசையின் நிறத்தைச் சொல்கிறது. ஏன் அது சொனாட்டாவாக அமைய வேண்டும் என்பதைச் சொல்லத் தவறுகிறது.

மெட்னரும் மைசூர் மன்னரும்

இரண்டாம் விடை இதற்கு நேர் எதிரானது. சொனாட்டாவுக்கு நெருக்கடி எதுவும் நேரவில்லை, நேர்ந்தது இசையமைப்பாளர்களின் பொறுமைக்குத்தான் என்பது அதன் சாரம். நிக்கோலாய் மெட்னர் (1880–1951) இக்கருத்தின் தலைசிறந்த பிரதிநிதி. இசைக்கு மாறாத விதிகள் உண்டென்றும், அவற்றைத் துறப்பது நாகரிக மோகமே என்றும் 1935இல் வெளியான ‘கலைத் தெய்வமும் நாகரிகமும்’ என்ற பொருள்படும் நூலில் அவர் வாதிட்டார். அந்நூலைப் பாரிசில் வெளியிட்டது அவருடைய நெருங்கிய நண்பர் ரஹ்மானினாஃபின் பதிப்பகம். 1911இல் எழுதிய ‘இரவுக் காற்று’ சொனாட்டாவில், ஏறத்தாழ அரை மணி நேரம் இடைவிடாமல் ஓடும் ஒரே இசைவெள்ளத்தில், ஒவ்வொரு துணுக்கும் முன்பு ஒலித்த ஏதோ ஒன்றிலிருந்து பிறப்பதைக் காணலாம். ரஹ்மானினாஃபும் தம் அளவில் இரண்டு சொனாட்டாக்களை எழுதினார். 1913இல் எழுதிய இரண்டாவதை 1931இல் அவரே கணிசமாகக் குறுக்கியது, நீளமான கட்டடத்தின்மீது அவருக்கிருந்த ஐயத்தைக் காட்டுவதாகக் கொள்ளலாம்.

மெட்னர் 1921இல் ரஷ்யாவை விட்டு வெளியேறி, ஜெர்மனியிலும் பிரான்சிலும் வாழ்ந்து, 1930களின் நடுவில் இலண்டனில் குடியேறினார். போர் வந்ததும் ஜெர்மானியப் பதிப்பாளர்களிடமிருந்து வந்த வருமானம் நின்றது, நோயும் சேர்ந்துகொண்டது. அந்நிலையில் 1946 முதல் அவருக்கு உதவியவர் மைசூர் மன்னர் ஜயசாமராஜேந்திர உடையார் (1919–1974). அவருடைய பொருளுதவியால் மெட்னர், பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்திசைக்கும் தம் கான்செர்ட்டோக்கள் மூன்றையும் பாடல்களையும் தனிப் பியானோப் படைப்புகள் சிலவற்றையும் எச்.எம்.வி. நிறுவனத்துக்காகத் தாமே வாசித்துப் பதிவு செய்தார். நன்றிக்கடனாக மூன்றாம் கான்செர்ட்டோவை மன்னருக்கே காணிக்கையாக்கினார்.

இதை ஒரு சிற்றரசரின் பொழுதுபோக்காக ஒதுக்கும் வழக்கம் நியாயமற்றது. உடையார் மைசூர் வாசுதேவாச்சாரியாரிடம் கர்நாடக இசை பயின்று, ‘ஸ்ரீவித்யா’ என்ற முத்திரையோடு 94 கிருதிகள் இயற்றியவர். மேற்கத்தியப் பியானோவையும் முறையாகக் கற்றவர். பின்னர், 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராகவும் இருந்தவர். மும்மூர்த்திகளின் கிருதி வடிவத்துக்குள்ளேயே நின்று புதியதைச் செய்த ஓர் இயற்றுநருக்கு, வாரிசாக வந்த வடிவத்துக்குள்ளேயே நின்று எழுதிய மெட்னர் அணுக்கமாகப் பட்டிருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. ஐரோப்பா அன்று பழமைவாதி என்று புறந்தள்ளிய ஒருவருடைய கைவாசிப்பு இன்றும் கேட்கக் கிடைப்பதில் ஒரு தென்னிந்திய இரசிகரின் பங்கு தீர்மானமானது. இசை வரலாற்று நூல்கள் அதை அடிக்குறிப்பாக வைப்பது போதாது.

இவ்விடையின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. விதிகள் மாறாதவை என்றால், அவற்றைப் பின்பற்றிய மற்றப் பலருடைய சொனாட்டாக்கள் ஏன் மறக்கப்பட்டன என்பதற்கு மெட்னரின் நூலில் விடை கிடைப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அன்டோன் ரூபின்ஸ்டைன் நான்கு சொனாட்டாக்களை ஒழுங்கு பிசகாமல் எழுதினார். அவை இன்று அரிதாகவே வாசிக்கப்படுகின்றன. மரபில் நிற்பது மட்டும் உயிர் கொடுத்துவிடுவதில்லை என்பதற்கு ரூபின்ஸ்டைனின் நிலையே சான்று.

போரும் அரசும்

மூன்றாம் விடை அரசியல் சார்ந்தது. சொற்கள் கண்காணிக்கப்பட்ட நாட்டில், சொற்களற்ற பெரிய வடிவங்கள் மனச்சாட்சியின் இருப்பிடமாயின என்பது அதன் சுருக்கம். செர்கேய் புரோகோஃபியெவ் (1891–1953) 1936இல் வெளிநாட்டிலிருந்து சோவியத் ஒன்றியத்துக்குக் குடும்பத்தோடு திரும்பி, 1939இல் மூன்று சொனாட்டாக்களை ஒருசேரத் தொடங்கி, 1940, 1942, 1944 ஆகிய ஆண்டுகளில் முடித்தார். ‘போர்க்காலச் சொனாட்டாக்கள்’ எனப்படும் இவையே இவ்விடையின் முதன்மைச் சான்று. ஏழாவதை 1943 ஜனவரியில் மாஸ்கோவில் ஸ்வியாதோஸ்லாவ் ரிக்டர் முதன்முதலாக வாசித்தார். எட்டாவதை 1944 டிசம்பரில் எமில் கிலெல்ஸ் அரங்கேற்றினார். இரண்டுக்குமே ஸ்டாலின் பரிசு கிடைத்தது.

‘போர்க்கால’ என்ற அடைமொழி காலக்கணக்கில் இடறுகிறது. ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின்மேல் படையெடுத்தது 1941 ஜூன் 22ஆம் நாள். தொடக்க வரைவுகளோ 1939க்குரியவை. இதைக் கண்ட பிற்கால ஆய்வாளர் சிலர், 1939 ஜூனில் கைது செய்யப்பட்டு 1940 பிப்ரவரியில் கொல்லப்பட்ட நாடக இயக்குநர் மேயர்ஹோல்டை நினைவூட்டி, புரோகோஃபியெவுக்கு நெருக்கமான அவருடைய முடிவே இந்த இசையின் இருளுக்குக் காரணம் என்கின்றனர். ஆக, ஒரே படைப்பு தேசப்பற்றின் வெற்றிமுழக்கம் என்றும், அதே அரசுக்கு எதிரான மறைமுக ஒப்பாரி என்றும் இருவேறாகப் படிக்கப்படுகிறது. இரண்டுக்கும் சம அளவில் இடம் தரும் இசை, இரண்டில் எதற்கும் சான்றாகாது.

இன்னொரு தடையும் உண்டு. அரச நெருக்குதலே சொனாட்டாவை வளர்த்தது என்றால், 1936இலும் 1948இலும் பகிரங்கமாகக் கண்டிக்கப்பட்ட இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சிடம் அது மிகுந்திருக்க வேண்டும். அவர் எழுதியவை இரண்டே பியானோ சொனாட்டாக்கள்: 1926இல் ஒன்று, தம் பியானோ ஆசிரியர் நிக்கோலாயெவின் நினைவாக 1943இல் மற்றொன்று. அவருடைய அந்தரங்கம் பதினைந்து நால்வர் தந்திக்குழுப் படைப்புகளுக்குள் போய் அடைந்தது.

அரசு செய்த வேறொரு காரியம் இந்த விவாதத்தில் போதிய கவனம் பெறுவதில்லை. எவருடைய சொனாட்டாக்கள் நமக்கு வந்து சேர வேண்டும் என்பதை அது பெரிதும் தீர்மானித்தது. இயந்திரத் தன்மையையும் விடாப்பிடியான தாளக்கட்டையும் 1920களின் நடுவில் தம் சொனாட்டாக்களில் கொண்டுவந்த அலெக்சாண்டர் மோசொலோவ் 1937இல் கைதாகி முகாமுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய மூன்றாம் சொனாட்டா தொலைந்தேபோனது. ஸ்கிரியாபினுக்குப் பின் சுர மையத்துக்கு மாற்றாகத் தமக்கென ஓர் ஒலிக்கொத்து முறையை வகுத்த நிக்கோலாய் ரோஸ்லாவெட்ஸின் பெயரே பல பத்தாண்டுகள் அச்சில் வராமல் தடுக்கப்பட்டது. புரோகோஃபியெவிடமும் ஷோஸ்டகோவிச்சிடமும் மட்டுமே நின்றுவிடும் எந்த விளக்கமும், தணிக்கை வரைந்த எல்லைக்குள்ளேயே தன்னையறியாமல் இயங்குகிறது.

ஆசிரியர், மாணவர், மேடை

நான்காம் விடை இவற்றைவிட எளிமையானது. அதனாலேயே குறைவாகப் பேசப்படுவது. 1862இல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் 1866இல் மாஸ்கோவிலும் நிறுவப்பட்ட இசைக் கல்லூரிகள், இயற்றுவோரையும் வாசிப்போரையும் பிரிக்காமல் ஒரே பட்டறையில் உருவாக்கின என்பதே அது. ஸ்கிரியாபினும் ரஹ்மானினாஃபும் சிறுவயதில் ஒரே ஆசிரியரான ஸ்வெரெவிடம் பயின்று, தானெயெவிடம் கவுண்டர்பாயிண்ட் எனப்படும் பல மெட்டுகளை ஒரே நேரத்தில் பின்னும் கலையைக் கற்று, 1892இல் ஒன்றாக வெளிவந்தனர். புரோகோஃபியெவ் பியானோ மேதை யெசிப்போவாவின் மாணவர். ஷோஸ்டகோவிச் 1927இல் வார்சாவின் முதல் ஷோப்பான் போட்டியில் கலந்துகொண்டவர். ஃபைன்பெர்க் மாஸ்கோக் கல்லூரியில் நெடுங்காலம் பியானோ கற்பித்தவர். ரஹ்மானினாஃபின் முதல் சொனாட்டாவை 1908இல் அரங்கேற்றிய இகும்னோவும் அதே மரபில் வந்தவர். ரிக்டரும் கிலெல்ஸும் ஹைன்ரிஹ் நொய்ஹாவுஸின் மாணவர்கள். எழுதியவுடன் வாசிக்கத் தகுதியானவர், வாசித்தவுடன் கேட்டு எடைபோடத் தெரிந்த அவை, அடுத்த தலைமுறைக்குப் பாடமாக்கும் ஆசிரியர் என மூன்றும் ஒரே நகரில் கூடியிருந்தன. கல்லூரிக்கு வெளியே வளர்ந்த முசோர்க்ஸ்கியின் புகழ்பெற்ற பியானோப் படைப்பு, சொனாட்டாவாக அன்றிச் சித்திரத் தொகுப்பாக அமைந்ததும் இவ்விளக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது.

இதற்கும் எதிர்வாதம் உண்டு. லைப்சிக் இசைக் கல்லூரி 1843இலேயே தொடங்கப்பட்டது. அங்கிருந்து இத்தகைய அறுவடை வரவில்லை. நிறுவனம் தொடர்ச்சியைக் காக்கலாம்; கற்பனையை அது தருவதில்லை. எனினும் 1890 முதல் 1950 வரையிலான காலத்துக்கு, நான்கு விடைகளில் மிகக் குறைந்த விதிவிலக்குகளோடு பொருந்துவது இதுவே.

வட சிலாங்கூரின் செவியில்

இந்த விவாதம் மலேசியத் தமிழருக்கு எட்டும் விதம் வேறு. வட சிலாங்கூரின் கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான், ஈஜோக் வட்டாரங்களின் ரப்பர் தோட்டங்களிலும் பின்னர் செம்பனைத் தோட்டங்களிலும் தமிழர் வளர்த்த இசை, நாதஸ்வரமும் தவிலும் உறுமியும் சேர்ந்த கோயில் இசையே. பியானோ அங்கே துரைமார் பங்களாவோடும் நகரத்துக் கான்வென்ட் பள்ளியோடும் சேர்த்து எண்ணப்பட்ட பொருள். இன்று தோட்டங்களை விட்டுப் பெயர்ந்த குடும்பங்களுக்கு அது எட்டும்போது, பெரும்பாலும் பிரிட்டிஷ் தேர்வு வாரியங்களின் படிநிலைகள் வழியாகவே எட்டுகிறது. அப்படிநிலைகள் சொனாட்டாவின் ஓர் அங்கத்தை மட்டும் வெட்டியெடுத்துக் கேட்பது வழக்கம். முழுமைதான் சொனாட்டாவின் உயிர் என்பதால், இக்கட்டுரையின் கேள்வியே மாணவருக்கு எழாமல் போகிறது. சென்னையில் ஏ.ஆர். ரகுமான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி ரஷ்யப் பியானோ முறைக்கெனத் தனிப் பயிற்சிப் பிரிவு வைத்திருப்பது வேறொரு வழியும் உண்டு என்பதைக் காட்டுகிறது.

அதே சமயம், தோட்டத்துக் கோயிலில் பழகிய செவி இவ்விவாதத்துக்கு ஒன்றைத் தர வல்லது. புரோகோஃபியெவின் ஏழாம் சொனாட்டா இறுதி அங்கம் ஏழு எண்ணிக்கை கொண்ட சுற்றில், இரண்டு, மூன்று, இரண்டு என்ற பிரிவில், நிற்காமல் ஓடுகிறது. மேற்கத்திய விமர்சகர் பலர் இதை இயந்திரத்தின் வெறி என்றும் போர் ஊர்தியின் உறுமல் என்றும் விவரித்ததற்கு, ஒற்றைப்படைச் சுற்று அவர்கள் செவிக்கு நொண்டுவதுபோல் ஒலித்தது ஒரு காரணமாக இருக்கக்கூடும். மிஸ்ர சாபு தாளத்தை மூன்றும் நான்குமாகத் தவிலில் கேட்டு வளர்ந்தவருக்கு ஏழு என்பது விபரீதம் அன்று. நடக்கத் தெரிந்த தாளம். அவருக்கு அந்த அங்கத்தில் முதலில் கேட்பது இழுவிசையும் உற்சாகமுமாக இருக்கலாம். போர் என்ற பொருள் சுரங்களுக்குள் எவ்வளவு இருக்கிறது, கேட்பவரின் பழக்கத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியைத் தமிழ் இசை அறிந்த ஆய்வாளர் எடுத்து நடத்துவது பொருத்தம்.

இன்னும் முடியாதவை

கல்லூரி மரபை முன்வைக்கும் விடை வலுவானது என்று கொண்டாலும், அது ஓரிடத்தில் முற்றாக நின்றுவிடுகிறது. கலீனா உஸ்த்வோல்ஸ்கயா (1919–2006) லெனின்கிராடில் ஷோஸ்டகோவிச்சிடம் பயின்றவர். ஆனால் ஆசிரியரின் செல்வாக்கைப் பிற்காலத்தில் கடுமையாக மறுத்தவர். 1947 முதல் 1957 வரை நான்கு சொனாட்டாக்களை எழுதிவிட்டு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவ்வடிவத்தைத் தொடாமல் இருந்து, 1986இலும் 1988இலும் மேலும் இரண்டை எழுதினார். ஐந்தாவது, பத்துச் சிறு அங்கங்களில் ஒரே சுரத்தை மீண்டும் மீண்டும் தட்டி நிற்கிறது. ஆறாவதில் முன்கையாலும் முட்டியாலும் கட்டைகளைக் கூட்டமாக அழுத்த வேண்டியிருக்கிறது. இரண்டு மெட்டுகளின் முரணும் மீள்வருகையும் இவற்றில் தேடினாலும் கிடைப்பது அரிது. ரிக்டரும் கிலெல்ஸும் பிரதிநிதித்துவப்படுத்திய மேடை மரபுக்கும் இவற்றுக்கும் ஒட்டுறவு குறைவு. இருந்தும் அவர் வேறு பெயர் தேடவில்லை, சொனாட்டா என்றே எழுதினார். ஸ்கிரியாபினுக்கு ஆன்மிகத்தையும், மெட்னருக்கு மரபையும், புரோகோஃபியெவுக்கு அரசையும், எல்லோருக்கும் கல்லூரியையும் காரணமாக்கிய விடைகளில் எதுவும் இந்த இரண்டு படைப்புகளையும் விளக்கப் போதவில்லை.